அதே டார்ச், பழையதும் புதியதும்: எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது?

மேசைமேல் இரண்டு டார்ச்சுகள் கிடக்கின்றன. ஒரே நிறுவனம், ஒரே மாடல் பெயர். ஒன்று ஒன்பது வருடமாக என்னிடம் இருப்பது. கறுப்புப் பூச்சு விளிம்புகளில் தேய்ந்து, உள்ளே இருக்கும் அலுமினியம் வெள்ளிக்கோடு போலத் தெரிகிறது. இன்னொன்று அதன் புதிய பதிப்பு. வாங்கி ஆறு மாதம் ஆகிறது. தம்பி இப்போது மலையேற்றம் போகத் தொடங்கியிருக்கிறான். "அண்ணா, ரெண்டுல ஒண்ண எனக்குக் கொடு. எதுன்னு நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டான்.

பழையதை அவனிடம் தள்ளிவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வாரம் இரவு நேரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு அந்த எண்ணம் தலைகீழாகிவிட்டது. அது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் கடந்த பத்து வருடத்தில் ஒற்றை லித்தியம் செல்லில் ஓடும் கையடக்க டார்ச்சுகள் கிட்டத்தட்ட எல்லாமே இதே பாதையில்தான் மாறியிருக்கின்றன. உங்களுக்குப் பிடித்த டார்ச்சின் பழைய மாடலையும் புதிய மாடலையும் வைத்துக்கொண்டு நீங்கள் யோசித்தாலும் இதே கேள்விகள்தான் வரும்.

முதலில் லூமன், அதாவது டார்ச் மொத்தமாகத் தரும் வெளிச்சத்தின் அளவு. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது அதுதான். பழையதில் 900, புதியதில் 1,800. கணக்குப்படி இரட்டிப்பு. ஆனால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே சுவரில் அடித்துப் பார்த்தால், புதியது கொஞ்சம் கூடுதல் பிரகாசம் என்று மட்டும்தான் தோன்றுகிறது. நம் கண் வெளிச்சத்தை அப்படி நேர்க்கணக்காகப் பார்ப்பதில்லை. ஒரு வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் லூமன் ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். 900-ஐப் பழகிய கண்ணுக்கு 'இரட்டிப்பு' என்ற உணர்வு வர 3,600 தேவை.

தூரம் வேறு சமாச்சாரம். அதை முடிவு செய்வது லூமன் அல்ல, கேண்டெலா. வெளிச்சம் ஒரு திசையில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதன் அளவு அது. பெட்டியில் மீட்டரில் போட்டிருக்கும் தூரம், கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி வருவது. 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். அதை 400 மீட்டராக்க 40,000 கேண்டெலா வேண்டும். அந்தக் கடைசி மீட்டரில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ்தான், ஏறத்தாழ முழுநிலவு வெளிச்சம். அங்கே ஒரு ஆள் நிற்கிறாரா மரம் நிற்கிறதா என்று பிரித்துச் சொல்வது கடினம். பெட்டியில் போட்டிருப்பதில் பாதித் தூரத்தைத்தான் உருப்படியான தூரமாக நான் எடுத்துக்கொள்வேன்.

என் பழைய டார்ச்சில் தலை பெரிது, கழுத்து சிறிது. புதியதில் தலையும் உடம்பும் ஒரே பருமன், நேரான குழல். சட்டைப்பைக்கு இது வசதி. ஆனால் வெளிச்சத்தைக் குவிக்கும் கிண்ணமான ரிஃப்ளெக்டரின் வாய் சுருங்கிவிட்டது. அதனால் கூடுதலாக வந்த லூமன் எல்லாம் அகலத்துக்குப் போய்விட்டது, தூரத்துக்குப் போகவில்லை. பழையது தெருக்கோடி வரை ஒரு வட்டத்தைக் கொண்டுபோய் வைக்கும். புதியது காலடியிலிருந்து முப்பது மீட்டர் வரை பாதையை முழுசாகக் காட்டும். நடப்பவனுக்கு இரண்டாவதுதான் வேண்டும் என்பதை அப்போதே குறித்து வைத்தேன்.

இனி சூடு. இதைப் பற்றிப் பெட்டியில் எதுவும் இருக்காது. ஆனால் இரண்டு பதிப்புகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இங்கேதான் இருக்கிறது. பழையதில் உள்ள எல்.இ.டி. கிரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல்2. அதற்கு மூன்று ஆம்பியர் கொடுக்கிறது டிரைவர் (எல்.இ.டி.க்கு மின்னோட்டத்தை அளந்துவிடும் சின்ன மின்சுற்று); சுமார் 10 வாட். புதியதில் லூமினஸ் நிறுவனத்தின் எஸ்எஸ்டி-40, ஐந்து ஆம்பியருக்கு மேல். 18 வாட் பக்கம் வந்துவிடும். அதில் பெரும்பகுதி வெளிச்சமாக அல்ல, சூடாகத்தான் வெளியேறுகிறது. உள்ளங்கையளவு அலுமினியக் குழல் இவ்வளவு சூட்டைக் காற்றில் விட முடியாது. அதனால் புதிய பதிப்பில் வெப்ப சென்சார் வைத்திருக்கிறார்கள். சூடு ஏறியதும் அது தானாக வெளிச்சத்தைக் குறைத்துவிடும்.

எவ்வளவு குறைக்கிறது? குளியலறையில் டார்ச்சை நிமிர்த்தி வைத்து, கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை ஃபோனின் லைட் சென்சாரால் அளந்தேன். ஆய்வுக்கூட அளவு இல்லைதான். ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட இது போதும். புதியது ஆரம்பித்தபோது பழையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. மூன்றாவது நிமிடத்தில் இறங்கத் தொடங்கியது. ஐந்தாவது நிமிடத்தில் ஆரம்பத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. பழையதில் சென்சாரே கிடையாது. செல்லின் வோல்டேஜ் இறங்க இறங்க அதுவும் மெல்ல மெல்ல மங்கியது, அவ்வளவுதான். ஐந்தாவது நிமிடத்திலேயே பழையதுதான் பிரகாசம்! அங்கே நின்று இரண்டு எண்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 1,800 லூமனுக்கு ஆசைப்பட்டு வாங்கியதை 900 லூமன் முந்துகிறது.

நியாயமாகச் சொல்வதென்றால், பழையதை அப்படியே எரியவிட்டதால் கால் மணி நேரத்தில் தலையைத் தொட முடியவில்லை. கையில் பிடித்திருந்தால் கையின் இரத்த ஓட்டம் சூட்டை வாங்கிக் கொஞ்சம் குளிர்விக்கும். மேசையில் நிறுத்திவிட்டுப் போனால் எல்.இ.டி.யின் ஆயுளுக்கு அது நல்லதில்லை. புதியது இறங்கியது குறையல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆனால் அந்த மூன்று நிமிடத்துக்காக மட்டும் புதிய பதிப்பை வாங்க வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் எரியும் நேரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2009-இல் வந்த ஆன்சி எஃப்எல்1 என்ற தரநிலையைத்தான் நல்ல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி லூமனை அளப்பது சுவிட்ச் போட்ட 30 விநாடிக்குப் பிறகு. எரியும் நேரம் என்பது அந்த அளவிலிருந்து வெளிச்சம் 10 சதவீதத்துக்கு இறங்கும் வரை ஆகும் நேரம். ஆகவே '1,800 லூமன், 2 மணி 40 நிமிடம்' என்று போட்டிருந்தால் 1,800 லூமன் அவ்வளவு நேரம் எரியும் என்று அர்த்தமில்லை. மூன்று நிமிடம் எரிந்துவிட்டு, மீதி நேரம் 600-இல் ஓடி, கடைசியில் 180-ஐத் தொட்டாலும் அந்த வரி சரியானதுதான். நிறுவனம் ஏமாற்றவில்லை. அளக்கும் முறை அப்படி. அளவுகளின் பக்கத்தில் நேரத்துக்கு எதிராக வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் போடுகிற நிறுவனம் என்றால் எனக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

சரி, புதியது எங்கே ஜெயிக்கிறது? நடுத்தர வெளிச்சத்தில். இரவு நடையில் நாம் உண்மையில் பயன்படுத்துவது முந்நூறு லூமன் அளவுதான். அங்கே இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பழைய டிரைவரில் ஏஎம்சி7135 என்ற சின்னச் சின்ன சில்லுகள் எட்டு உண்டு. ஒவ்வொன்றும் 380 மில்லி ஆம்பியர் விடும். எட்டும் சேர்ந்து மூன்று ஆம்பியர். எளிமையான அமைப்பு, எளிதில் பழுதாகாது. ஆனால் செல்லில் 4.2 வோல்ட் இருந்து எல்.இ.டி.க்கு 3.3 வோல்ட் போதுமென்றால், மிச்சத்தை அது சூடாகவே எரித்துவிடும். நடுத்தர வெளிச்சம் தருவதற்கு இன்னொரு குறுக்கு வழி: முழு மின்னோட்டத்தையே ஒரு விநாடிக்குள் பல நூறு முறையோ பல ஆயிரம் முறையோ விட்டுவிட்டு நிறுத்துவது. சராசரியில் வெளிச்சம் குறைவாகத் தெரியும். எல்.இ.டி. குறைந்த மின்னோட்டத்தில்தான் சிக்கனமாக எரியும்; இந்த முறையில் அந்தச் சிக்கனம் கிடைக்காது. எரியும் ஒவ்வொரு கணமும் அது முழு மின்னோட்டத்தில்தான் எரிகிறது.

புதிய டிரைவர் வோல்டேஜையே மாற்றிக் கொடுக்கிறது. நடுத்தர வெளிச்சம் என்றால் உண்மையிலேயே குறைந்த, சீரான மின்னோட்டம். விளைவு: பழையது முந்நூறு லூமனில் மூன்று மணி நேரம் ஓடியது, புதியது எட்டு மணி நேரத்துக்கு மேல். புதியதில் செல் பெரிது என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்றரை மடங்குக்கு மேல் வருகிறது. அதுவும் கடைசி வரை ஒரே சீராக.

அந்த விட்டுவிட்டு எரிவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? மழை பெய்யும்போது பழைய டார்ச்சை நடுத்தரத்தில் வைத்து வெளியே அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு துளியும் கோடாக விழாமல், நூலில் கோத்த மணிகள் போலப் புள்ளி புள்ளியாக இறங்கும். எனக்கு அது பல வருடம் அழகாகவே இருந்தது. ஆனால் அரை மணி நேரம் அந்த வெளிச்சத்தில் வேலை பார்த்தால் சிலருக்குத் தலைவலி வருகிறது. என் மனைவிக்கு வரும். புதியதில் மழை மழையாகவே விழுகிறது.

ஒரு எச்சரிக்கை. பழையது மங்கி மங்கி, 'செல் தீரப்போகிறது' என்று அரை மணி நேரம் முன்பே சொல்லிவிடும். புதியது கடைசி வரை ஒன்றுமே நடக்காத மாதிரி எரிந்துவிட்டு, சட்டென்று அடியில் இறங்கிவிடும். சுவிட்சுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் வர வேண்டும். பழைய டார்ச்சிலிருந்து மாறுகிறவர்கள் இதில்தான் முதலில் மாட்டுவார்கள்.

இப்போது நிறம். எனக்கு இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எனக்குப் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் பழக்கம் உண்டு. ரெசிஸ்டர்மேல் சுற்றியிருக்கும் வண்ண வளையங்களைப் படித்துத்தான் அதன் மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். பழுப்பு என்றால் 1, சிவப்பு என்றால் 2, ஆரஞ்சு என்றால் 3. ஒரு இரவு மின்சாரம் போயிருந்தது. புதிய டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ரெசிஸ்டரைப் பார்த்தேன். மூன்றாவது வளையம் பழுப்பா சிவப்பா என்று தெரியவில்லை. அது பழுப்பானால் ஒரு மதிப்பு, சிவப்பானால் பத்து மடங்கு. பழைய டார்ச்சை எடுத்தேன். கொஞ்சம் தேவலை, ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தால், சந்தேகமே இல்லாத சிவப்பு.

இதற்குக் காரணம் சி.ஆர்.ஐ. என்ற அளவு. எட்டு வெளிர்வண்ண மாதிரிகளை ஒரு வெளிச்சம் எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன் சராசரி அது. நூறுக்கு எத்தனை என்று சொல்வார்கள். அதிகப் பிரகாசத்துக்காகச் செய்யப்பட்ட குளிர்வெள்ளை எல்.இ.டி.க்களில் இது பெரும்பாலும் 70 அளவில் நிற்கும். அதைவிட முக்கியம், அடர்சிவப்பு அந்த எட்டு மாதிரிகளில் சேரவே சேராது. அதற்கு ஆர்9 என்று தனி அளவு உண்டு. எண் நன்றாக இருந்தும் சிவப்பு செத்துப்போய்த் தெரிவதற்கு இதுதான் காரணம். காயத்தில் இரத்தம் நின்றுவிட்டதா, ஒயர் சிவப்பா பழுப்பா, பழம் அழுகியிருக்கிறதா என்பதெல்லாம் ஆர்9-ஐப் பொறுத்த விஷயங்கள்.

நிச்சியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் 519ஏ போன்ற எல்.இ.டி.க்களில் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல். ஆர்9-உம் நன்றாக இருக்கும். ஆனால் அதே மின்னோட்டத்துக்கு லூமன் கொஞ்சம் குறையும். புதிய டார்ச்சை வாங்கும்போது எந்த எல்.இ.டி. வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். 1,800 என்ற எண்ணைப் பார்த்து எஸ்எஸ்டி-40-ஐத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டால் 519ஏ, 4500 கெல்வின் என்று யோசிக்காமல் சொல்வேன். கெல்வின் என்பது வெள்ளையின் சாயல்: 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 4500 என்றால் காலை வெயிலின் வெள்ளை, 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். மூடுபனியிலும் புழுதியிலும் 6500 கண்ணைக் கூசவைக்கும். எதிரே வெள்ளைத் திரை கட்டியது போல ஆகிவிடும்.

புதிய டார்ச்சில் இந்த எல்.இ.டி.யை இப்போதாவது மாற்றிவிடலாமா என்று பார்த்தேன். தலையை எவ்வளவு திருகியும் அசையவில்லை. பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சூடு காட்டித் திருகலாம். ஆனால் உள்ளே சார்ஜிங் பலகையும் சுவிட்ச் பலகையும் இருக்கின்றன. நான் தொடவில்லை.

பழையது அப்படி இல்லை. முன்வளையத்தைக் கையாலேயே கழற்றலாம். கண்ணாடி வந்துவிடும், பின்னாலேயே ரிஃப்ளெக்டர் வரும், அடியில் 20 மில்லிமீட்டர் வட்டமான செப்புப் பலகைமேல் எல்.இ.டி. உட்கார்ந்திருக்கும். இரண்டே ஒயர்கள், சிவப்பும் கறுப்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து மாற்றிவிட்டேன். சால்டரிங் அயர்னை வைத்து ஒயர்களை விடுவித்து, பலகையை நெம்பி எடுத்து, சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த, காய்ந்துபோன சாம்பல்நிறப் பசையைச் சுரண்டித் துடைத்து, புதிய பசை தடவி, 519ஏ ஏற்கெனவே பற்றவைத்த பலகையை உட்கார வைத்து, ஒயர்களைச் சேர்த்தேன். பலகையும் எல்.இ.டி.யும் சேர்ந்தே கிடைப்பதால் எல்.இ.டி.யைத் தனியாகப் பற்றவைக்கும் நுணுக்க வேலை இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். எல்.இ.டி.யைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும். எல்.இ.டி. ரிஃப்ளெக்டரின் நடுவில் நிற்பதற்கும், உலோக ரிஃப்ளெக்டர் ஒயர்முனைகளில் படாமல் இருப்பதற்கும் அதுதான் பாதுகாப்பு. எக்ஸ்எம்-எல்2 ஐந்து மில்லிமீட்டர் சதுரம். 519ஏ மூன்றரை மில்லிமீட்டர். பழைய வளையம் இதற்குப் பொருந்தாது. சரியான வளையம் இல்லாமல் மூடினால், ரிஃப்ளெக்டரின் அடிவிளிம்பு இரண்டு பற்றவைப்புகளையும் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். வளையத்தையும் சேர்த்தே வாங்குங்கள்.

மூடி, செல் போட்டு, சுவிட்சை அழுத்தி, அதே ரெசிஸ்டரைக் கையில் எடுத்தேன். சிவப்பு. பக்கத்தில் இன்னொன்றில் பழுப்பு. இரண்டும் வேறு வேறு என்று குழந்தைகூடச் சொல்லும். என் உள்ளங்கைமேல் அடித்தால் தோல் தோல் நிறத்தில் இருக்கிறது. மணிக்கட்டில் நரம்புகள் தெரிகின்றன. ஒன்பது வருடமாக என் கையை இந்த டார்ச்சில் நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

சுவிட்ச் விஷயத்துக்கு வருகிறேன். பழையதில் பின்பக்கம் 'டிக்' என்று சத்தம் போடும் அழுத்து சுவிட்ச். அது உண்மையிலேயே மின்சுற்றைத் துண்டிக்கிறது. அணைத்துவிட்டால் ஒரு சொட்டு மின்சாரமும் போகாது. இருட்டில், உறக்கக் கலக்கத்தில், கையுறையோடுகூடத் தடவிப் பிடிக்கலாம். ஆனால் மோடு மாற்ற அரை அழுத்து அழுத்த வேண்டும். குறைவு, நடுத்தரம், அதிகம், பிறகு பளிச் பளிச்சென்று வெட்டும் ஸ்ட்ரோப், பிறகு அபாய சமிக்ஞை. அதிகத்திலிருந்து குறைவுக்குத் திரும்ப ஒவ்வொரு முறையும் அந்த ஸ்ட்ரோப்பைக் கடந்தாக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு, தூங்கும் குழந்தை பக்கத்தில் இருக்கும்போது அது எவ்வளவு தொந்தரவு என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

புதியதில் பக்கவாட்டில் மெத்தென்ற எலக்ட்ரானிக் சுவிட்ச். அணைந்திருக்கும்போது அழுத்திப் பிடித்தால் ஒரு லூமனுக்கும் குறைவான மெல்லிய வெளிச்சம். இதற்காகவே புதிய பதிப்பைப் பாராட்டலாம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரே ஒரு பிரகாசமான கீற்று அதை அழித்துவிடும். அந்த மெல்லிய வெளிச்சத்தில் செருப்பைத் தேடலாம், தண்ணீர் எடுக்கலாம், தூக்கமும் கலையாது, யாரும் விழிக்கவும் மாட்டார்கள். இரட்டை அழுத்தில் முழு வெளிச்சம். ஸ்ட்ரோப் மூன்று அழுத்துக்கு அப்பால் ஒளிந்திருக்கிறது, இருக்கட்டும்.

ஆனால் அந்த மெத்தென்ற சுவிட்சுதான் எனக்கு ஒருநாள் வினையும் ஆனது. பையில் போட்டிருந்தபோது ஏதோ அழுத்தி, முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கிவிட்டது. பை சூடாக இருக்கிறதே என்று திறந்தால், டார்ச்சின் முகத்தை ஒட்டியிருந்த சட்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்புத் தடம். கண்ணாடிக்கு நேர் முன்னால் துணி ஒட்டியிருந்தால், சென்சார் தலையின் சூட்டை உணர்ந்து குறைப்பதற்குள் துணி கருகிவிடும். அன்றிலிருந்து பையில் வைக்கும்போதெல்லாம் வால்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைக்கிறேன். மரையில் உள்ள பூச்சு மின்சாரம் கடத்தாது என்பதால் அந்தக் கால் சுற்றிலேயே மின்சுற்று துண்டிக்கப்பட்டுவிடும். எல்லா டார்ச்சிலும் இப்படி நடக்காது. மரை பூச்சில்லாத வெறும் உலோகமாகப் பளபளத்தால் முழுசாகக் கழற்றினால்தான் துண்டிக்கும். வாங்கியதும் இதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானிக் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும் என்று சிலர் பயப்படுவார்கள். நல்ல வடிவமைப்பில் அது மைக்ரோ ஆம்பியர் கணக்கு. 50 மைக்ரோ ஆம்பியர் என்றாலும் 3,000 எம்.ஏ.ஹெச். (மில்லி ஆம்பியர் மணி) கொள்ளளவுள்ள செல்லைக் காலி செய்ய ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். பயப்பட வேண்டியது தவறுதலாக எரிவதற்குத்தான்.

செல்லும் சார்ஜும். பழையது 18650 செல்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். புதியது 21700: விட்டம் 21, நீளம் 70. முன்னது 3,000 முதல் 3,500 எம்.ஏ.ஹெச்., பின்னது 5,000 வரை. செல் மட்டுமே இருபது கிராமுக்கு மேல் எடை கூடும். கையில் அது தெரிகிறது, சட்டைப்பையில் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

பழையதற்குத் தனி சார்ஜர் வேண்டும். அதில் ஒரு ஆபத்தும் உண்டு: என் டிரைவரில், வோல்டேஜ் மிகவும் இறங்கினால் அணைத்துவிடும் ஏற்பாடு இல்லை. பாதுகாப்புச் சுற்று இல்லாத செல்லைப் போட்டு மங்க மங்க எரித்தால் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கெட்டுவிடும். அதைத் திரும்ப சார்ஜ் செய்வதும் பாதுகாப்பில்லை. அதனால் இதற்குப் பாதுகாப்புச் சுற்று உள்ள செல்தான் போடுவேன். அந்த வகை மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம் கூடுதல். பழையதில் ஸ்பிரிங் நீளமாக இருப்பதால் இடம் கொடுக்கிறது. உதிரி செல்லை எதற்குள் போட்டாலும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துப் போடுங்கள். சாவிக்கொத்தோடு சேர்த்துப் போட்டால் இரு முனையும் தொட்டு ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அளவுக்குப் போகலாம்.

புதியதில் ரப்பர் மூடிக்குள் யு.எஸ்.பி.-சி. ஃபோன் சார்ஜர் போதும், பயணத்தில் இதற்கு ஈடே இல்லை. ஒரு குறை: ஃபோனோடு வரும் இருபக்கமும் சி-முனை கொண்ட கேபிளைச் செருகினால் என் டார்ச் சார்ஜே ஆகவில்லை. சி-போர்ட்டில் இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை (5.1 கிலோ ஓம்) வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அவை இல்லாவிட்டால் அந்தப் பக்கத்து சார்ஜருக்கு இங்கே ஒரு கருவி இருப்பதே தெரியாது, மின்சாரம் விடாது. ஒருபக்கம் பழைய செவ்வக முனை (யு.எஸ்.பி.-ஏ) உள்ள கேபிளில் நன்றாக ஆகிறது. தம்பியிடம் கொடுக்கும்போது அந்தக் கேபிளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள்: செல் சாதாரண 21700-ஆ, அல்லது இரு முனைகளும் ஒரே பக்கம் இருக்கும்படி அந்த நிறுவனமே தனியாகச் செய்ததா? தனியாகச் செய்ததென்றால் நாலு வருடம் கழித்து அது கிடைக்காமல் போனால் டார்ச்சையே தூக்கிப் போட வேண்டிவரும். என்னுடையது சாதாரண வகைதான், நல்லவேளை.

தண்ணீர், கீழே விழுதல் இவற்றில் சொல்ல அதிகமில்லை. இரண்டிலும் ஐபிஎக்ஸ்8, அதாவது தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் தரம். புதியதில் அந்த ரப்பர் மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழையதில் துளையே இல்லை. ரப்பர் வளையங்களுக்கு வருடம் ஒருமுறை சிலிக்கான் கிரீஸ் தொட்டு வைத்தால் போதும். கிளிப் புதியதில் உறுதியானது.

சரி, முடிவு. கையில் எதுவும் இல்லாமல் முதல்முறையாக வாங்குகிறவர் என்றால் புதிய பதிப்பைத்தான் வாங்க வேண்டும். தேர்வு கொடுத்தால் அதிக சி.ஆர்.ஐ. எல்.இ.டி.யைக் கேளுங்கள், லூமன் முந்நூறு குறைந்தாலும் பரவாயில்லை. பழையது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறவர், நாளுக்குப் பத்து நிமிடம்தான் பயன்படுத்துகிறவர் என்றால் புதியதற்கு அவசரமே இல்லை. தலை திறக்க வருமா என்று மட்டும் பாருங்கள். வந்தால் எல்.இ.டி.யை மாற்றுங்கள். தூரத்தில் பார்ப்பதுதான் வேலை, காவல் சுற்றுபவர், தோட்டத்தின் மறுகோடியைப் பார்க்க வேண்டியவர் என்றால் இந்த இரண்டில் பெரிய தலை உள்ள பழையது மேல். அதைவிடவும் அகலமான ரிஃப்ளெக்டர் உள்ள வேறு டார்ச் மேல்.

தம்பிக்கு வேண்டியது என்ன? இரவு முழுக்க நடுத்தர வெளிச்சம், காலடிப் பாதை முழுசாகத் தெரிவது, கூடாரத்தில் யாரையும் எழுப்பாத மெல்லிய வெளிச்சம், ஃபோனின் பவர் பேங்கிலேயே சார்ஜ். நான்குமே புதியதில் இருக்கிறது. எனக்கு வேண்டியது மேசையில் ரெசிஸ்டர் வளையத்தைப் படிப்பது, மின்சாரம் போனால் தடவி எடுப்பது. அதற்குப் பழையதுதான், அதுவும் இப்போது இருக்கும் நிலையில்.

நேற்று வந்தான். "புதுசையா கொடுக்கிற? நீ பழசத்தான் தருவேன்னு நெனச்சேன்" என்றான். கேபிளை எடுத்து அவன் கையில் வைத்து, இந்தக் கேபிளில் மட்டும்தான் சார்ஜ் ஆகும் என்று சொன்னேன். டார்ச்சை அவன் பைக்குள் போடும்முன் வாங்கி, வால்மூடியைக் கால் சுற்று தளர்த்திக் காட்டினேன். அவன் இறுக்கினான், தளர்த்தினான், ஒருமுறை எரியவிட்டுப் பார்த்தான், மறுபடி தளர்த்தி உள்ளே வைத்தான்.